வள்ளியூர் வீட்டுத் திரையும் கூடைகளும் அக்கா செய்தவை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், வர முடியாமல் தபாலில் இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்களுக்கும், அக்காவோடு டைப்ரைட்டிங் படித்த தோழிகளுக்கும் தங்கையின் வணக்கம். வீட்டில் "வா, போ" என்று பேசிக்கொண்டிருந்தவளை இங்கே "வந்தார், போனார்" என்று எழுதக் கை கூசுகிறது. மலர் என்றால் மரியாதையாகத்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். உயிரோடு இருந்தபோது நான் கொடுக்காத மரியாதையை அச்சில் கொடுப்பது சுலபமாகத்தான் இருக்கிறது.

அக்கா பிறந்தது அம்மாவின் ஊரான கல்லிடைக்குறிச்சியில். வளர்ந்ததெல்லாம் திருநெல்வேலி டவுணில், ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில், நான்கு குடித்தனங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்த வளவு வீட்டில். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். அண்ணன் மூத்தவர், அடுத்து அக்கா, நான்கு வருடம் கழித்து நான். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினார். அண்ணன் கல்லூரியில் இருந்ததால் இன்னொருவரையும் படிக்க வைக்க அப்பாவால் முடியவில்லை. அக்கா டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தார். ஒரு நாள் கூட அதைச் சொல்லிக் குறைப்பட்டதில்லை. குறைப்பட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

கைவேலையில் அக்கா இறங்கியது அந்த வருட விடுமுறையில்தான். வாரப் பத்திரிகையில் பெண்கள் பக்கத்தின் மூலையில் ஏதாவது செய்முறை வரும். அதை வெட்டி ஒரு பழைய நோட்டில் ஒட்டி வைப்பார். படிப்பதோடு நிறுத்துகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அக்கா அன்று சாயங்காலமே செய்து பார்த்துவிடுவார். பியூஸ் போன பல்பில் தஞ்சாவூர்ச் செட்டியாரும் செட்டிச்சியும் பொம்மைகளாக வந்து உட்கார்ந்தார்கள். கிழிந்த குடைத்துணி அப்பாவின் கண்ணாடிக்கு உறையானது. அம்மாவின் நைந்த சேலைகள் மிதியடியாகி நான்கு குடித்தனத்து வாசலிலும் கிடந்தன. சணல் சாக்கில் கடிதம் செருகி வைக்கும் பை, டிவிக்குப் பூப்போட்ட உறை, உல்லன் நூலில் கிளி. வளவில் எந்தக் குழந்தைக்குப் பள்ளியில் கைவேலை கொடுத்தாலும் அது நேரே அக்காவிடம்தான் வரும். எனக்குக் கொடுத்ததையும் அக்காதான் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய வேலை வாசல் திரை. வீட்டுக்கு வந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகளை ஒரு வருடம் சேர்த்தார். ஒவ்வொன்றையும் நீளமான முக்கோணங்களாக வெட்டி, அகலமான முனையிலிருந்து ஈர்க்குச்சியில் இறுக்கிச் சுற்றி, மைதாப் பசையால் ஒட்டி, குச்சியை உருவிவிட்டால் ஒரு காகித மணி. அதை நிழலில் காயவைத்து வார்னிஷ் பூச வேண்டும். பிறகு நைலான் நூலில் ஒரு காகித மணி, ஒரு கண்ணாடி மணி என்று மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். பத்திரிகையில் சாமி படம் இருக்கிறது, கத்திரி வைக்காதே என்று அம்மா தடுத்தார். அக்கா பிள்ளையாரை மட்டும் சுற்றி வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். ஊரில் நடந்த கல்யாணங்களின் பிள்ளையார்கள் எல்லோரும் அந்த டப்பாவில் இடநெருக்கடியில் இருந்தார்கள்.

வயர் கூடையைச் சொல்ல மறக்கக் கூடாது. சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று எல்லாம் தானே பழகிக்கொண்டார். அடியை மட்டும் யாராவது எதிர்வீட்டில் போட்டுக் காட்டினால் போதும், மீதியைக் கண்ணாலேயே பிடித்துக்கொள்வார். அக்கா பின்னிய கூடையில் தண்ணீர்க் குடத்தை வைத்துத் தூக்கினாலும் ஒரு முடிச்சு நெகிழாது.

இருபத்திரண்டு வயதில், காலையில் எழுந்ததும் அக்காவுக்கு விரல்கள் மடங்க மறுத்தன. டைப்ரைட்டிங் அடித்த களைப்பு என்று தைலம் தடவினோம். பிறகு மணிக்கட்டு வீங்கியது. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் பார்த்து, முடக்கு வாதம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "விரலைச் சும்மா வைக்காதம்மா. மெல்லிசா ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இரு" என்றார். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் கூடை பின்னுவது நல்லது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தோம். ஒவ்வொரு முடிச்சையும் விரல் நோக இழுத்து இறுக்குகிற வேலை மெல்லிசான வேலையா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். நம் வீடுகளில் அதற்கு ஒரு முறை உண்டு, உங்களுக்கே தெரியும். பெண் செய்த கைவேலை அத்தனையும் அன்று கூடத்துக்கு வந்துவிடும். வருகிறவர்களில் ஒரு பெரிய அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பொண்ணு கைவேலையா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொன்னால் பாதி பரீட்சை பாஸ். அக்கா அதில் மூன்று முறையும் பாஸ் செய்தார். காபி டம்ளரை நீட்டும்போது விரல்களைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் கடிதம் போடவில்லை. மூன்றாவது முறை டம்ளரே நழுவியது. அதன் பிறகு அப்பா, "சின்னவளுக்குப் பாப்போம்" என்றார். அக்கா அப்போது மிதியடி தைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வள்ளியூரிலிருந்து வந்தார்கள். மூத்தவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். அவர்களும் அதற்கு ஒத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஆனாலும் கையை நேரில் பார்த்தால் இது குடும்ப நோயோ என்று பயந்துவிடுவார்கள் என்று சித்தி சொன்னார். அக்காவைக் கோயிலுக்கு அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. காலையிலிருந்து கூடத்தை அலங்காரம் செய்தது அக்காதான். திரையைத் தட்டித் தொங்கவிட்டார், கூடைகளை வரிசை வைத்தார், எனக்குத் தலையில் பூ வைத்தார். கொண்டை ஊசியைச் செருக விரல் ஒத்துழைக்காமல் நான்கு முறை குத்திவிட்டார். நான் சள்ளென்று விழுந்தேன். அக்கா சிரித்துவிட்டுப் பக்கத்து வீட்டு மைனியோடு நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டார்.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா, என் இன்றைய அத்தை, திரையைக் கையால் ஏந்திப் பார்த்தார்கள். பத்திரிகைக் காகிதம் என்று தெரிந்ததும் அசந்துபோனார்கள்.

"ஏளா, இதெல்லாம் நீயா செஞ்ச?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா விட்டத்தைப் பார்த்தார். யாராவது பதில் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லாததால் நான் சொன்னேன்.

"ஆமா அத்தை."

அந்தப் பொய்யை என் தலையில் யாரும் கட்டவில்லை. என் வாயால் நான் சொன்னது. கோயிலிலிருந்து திரும்பிய அக்காவிடம் அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏட்டி, ஊசிக்கு எந்தப் பக்கம் ஓட்டைன்னு ஒனக்குத் தெரியுமா? போவட்டும், அமைஞ்சா சரி" என்றார். ஒரு நாள் பொய்தானே என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சீர் சாமான்களோடு அந்தத் திரையும் வள்ளியூருக்குப் போனது.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் யார் வந்தாலும் திரையைக் காட்டி, "எங்க மருமவ செஞ்சதாக்கும்" என்பார்கள். மூன்றாம் மாதமே ஒரு கூடை வேண்டும் என்றார்கள். நான் டவுணுக்குப் போன சாக்கில் அக்காவிடம் பின்னி வாங்கி வந்து, அம்மா வீட்டில் உட்கார்ந்து முடித்தேன் என்றேன். பிறகு நாத்தனாருக்கு, பிறகு திசையன்விளையில் அத்தையின் தங்கைக்கு. பக்கத்து வீட்டுப் பெண்கள் வயரை வாங்கிக்கொண்டு வந்து, "மைனி, அடி மட்டும் போட்டுக் காட்டுங்க" என்று சுற்றி உட்கார்ந்தார்கள். தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். எழுதிக் கேட்டதற்கு அக்கா படம் போட்டு, அம்புக்குறி இட்டு, எந்த வயரை எதற்கு அடியில் நுழைக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன். எனக்கு வரவில்லை. வயரைக் கத்திரித்து அடுப்பில் போட்டேன். அந்த நாற்றத்துக்கு வேறொரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, சீர் வரிசைக்கு ஐந்து கூடை உன் கையால் வேண்டும் என்று அத்தை கேட்டார்கள். நான் அப்போது முதல் பிரசவத்துக்காக டவுணுக்கு வந்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அதுவரை அக்கா எப்படிப் பின்னுகிறார் என்று நான் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. முடிந்த கூடையை வாங்கிப் போகிறவளாக மட்டும் இருந்தேன். அன்று பார்த்தேன். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிருந்தன. வயரின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றி, மறு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சை இறுக்கினார். உதட்டோரம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"நாளைக்கே அத்தைகிட்ட சொல்லிருதேன்க்கா. போதும்" என்றேன்.

"சொல்லி? பொய்க்காரின்னு பேரு எடுக்கவா? கைல புள்ளையோட போயி நிக்கப் போற வீடு. சும்மா கெட. பைய முடிச்சிருதேன்."

அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்து, "அவ கையப் பாரு, ஏட்டி. நீ என்ன மனுசியா?" என்றார். அம்மா என்னைத் திட்டியது சரி. நான் அழுதேன். அழுதுவிட்டு, ஐந்து கூடையையும் வாங்கிக்கொண்டு போனேன். கல்யாண வீட்டில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

அக்கா வள்ளியூருக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தார், என் மகனுக்குக் காது குத்தியபோது. அப்போது நடக்கவே சிரமப்பட்டார். அண்ணன் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார். தலைக்கு மேலே அவருடைய திரை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, மிகுந்த பாசத்தோடுதான் சொன்னார்கள்:

"ஒன் தங்கச்சி செஞ்சதப் பாத்தியா தாயி? பத்திரிகைய வெட்டிச் சுருட்டி, ஒவ்வொண்ணா கோத்திருக்கா. நீயும் சும்மாத்தான இருக்க? இப்படி ஏதாவது செஞ்சா விரலுக்கும் நல்லதுல்லா?"

"எனக்கு இதெல்லாம் எங்க வருது அத்தை" என்றார் அக்கா.

ஒரு மணி பிரிந்து வால்போல் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா தன்னை மறந்து கையை உயர்த்தி, அதைப் புறங்கையால் நெம்பிச் சுருட்டிவிடப் பார்த்தார். அத்தை சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பாத்து, பாத்து. பிஞ்சிரப் போவுது. ரொம்பப் பாடுபட்டுச் செஞ்சது." அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது, அண்ணன் டிக்கெட் விசாரிக்கப் போன இடைவெளியில் அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு, ஏட்டி. நாந்தான் செஞ்சேன்னு. எல்லார்ட்டயும் வேண்டாம். ஒங்க அத்தைக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. அவங்கதான் அத அவ்வளவு நேரம் பாத்தாங்க." வந்தவர்கள் போனவர்களெல்லாம் அந்தத் திரையை நன்றாயிருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு மணியாகப் பார்த்தவர் என் அத்தை ஒருவர்தான். அது அக்காவுக்குப் புரிந்திருந்தது.

"தீபாவளிக்கு நீ வாரப்ப ஒன்ன வச்சுக்கிட்டே சொல்லிருதேன்க்கா" என்றேன். தீபாவளிக்கு அக்கா வரும் நிலையில் இல்லை. பொங்கலுக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். பொங்கலுக்கு மகனுக்கு அம்மை போட்டிருந்தது. சாக்குச் சொல்ல எனக்குப் பஞ்சமே வந்ததில்லை.

வருடக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரைகளில் வயிறு புண்ணானது. பிறகு சிறுநீரகமும் சேர்ந்துகொண்டது. கடைசி மூன்று மாதமும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். எங்களுக்கு ஒருநாளும் டாக்டர் நம்பிக்கையான வார்த்தை சொல்லவில்லை. கடைசி நாட்களில் அக்காவால் டம்ளரைப் பிடிக்க முடியாது. அத்தை வள்ளியூரிலிருந்து வந்து பத்து நாள் தங்கி, கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள், ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. அக்கா என்னைப் பார்ப்பார். நான் மருந்துச் சீட்டைப் பார்ப்பேன். முப்பத்து நான்காம் வயதில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், எதுவும் கேட்காமலே போய்விட்டார்.

நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது அத்தை அக்காவின் கைகளை எடுத்துக் கூப்பினாற்போல் வைத்து, ஒட்டாத விரல்களை ஒட்டவைக்கப் பார்த்தார்கள். முடியாமல் என் பக்கம் திரும்பி, "பாவி மவளுக்குக் கை மட்டும் நல்லா இருந்திருந்தா, ஒன்ன மாதிரியே இவளும் செஞ்சிருப்பா" என்று சொல்லி அழுதார்கள். சுற்றிலும் இருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்று அழுதார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து அழுதேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணன் படித்துவிட்டு, "இதெல்லாம் போடணுமாட்டி? சொந்தக்காரங்க வாசிப்பாங்கள்லா?" என்று கேட்டார். வாசிக்கத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். எழுதியதால் மனப்பாரம் குறைந்தது என்று எழுத ஆசைதான். குறையவில்லை. கேட்க வேண்டியவர் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் சொல்லாததை இப்போது சொல்வதால் அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.

அக்காவைக் கடைசிவரை தூக்கி இறக்கிய வளவுக் குடித்தனக்காரர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த ஆட்டோ அண்ணாச்சிக்கும், ரத்தம் கொடுத்த அண்ணனின் நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், பெற்ற மகளைப்போல் குளிப்பாட்டிய அண்ணன் மனைவி, எங்கள் மைனிக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. நன்றி சொன்னால் தீராத இடம் என் அத்தை. அவர்களுக்கு நான் கடன்பட்டிருப்பது நன்றியல்ல, உண்மை.

அத்தைக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. கடிதமோ பேப்பரோ எது வந்தாலும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இந்த மலரும் என் கைக்குத்தான் வரும். "அக்காவப் பத்தி என்ன எழுதியிருக்க, வாசி" என்பார்கள். கல்லிடைக்குறிச்சியில் பிறந்ததை வாசிப்பேன். நல்ல மார்க் வாங்கியதை வாசிப்பேன். பெண் பார்க்க வந்த நாள் வந்ததும், என்னை எனக்குத் தெரியும், அதைத் தாண்டி நன்றிக்குப் போய்விடுவேன். என் கணவரிடம் போன மாதம்தான் உண்மையைச் சொன்னேன். "அம்மைக்குத் தெரியண்டாம், விடு" என்கிறார். அவரும் வாசிக்க மாட்டார்.

ஆகையால் வள்ளியூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாராவது ஒருவர், நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, இதை முதல் வரியிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டுங்கள்.